வேல்விழியின் எழுவாய்

பேருந்தில் யாராவது பேசி முடித்தால், அந்தப் பேச்சின் கடைசிச் சொல்லை வேல்விழி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ‘பத்திக்கிருச்சு.’ ‘போயிருச்சு.’ ‘இழுத்துருச்சு.’ தாயில்பட்டியில் ஏறினால் சாத்தூர் வருகிறவரை உதடு அசைந்துகொண்டே இருக்கும். “என்னத்தா, சாமி கும்பிடுதியா?” என்று பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டால், சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பள்ளி விடுமுறைகளில் பட்டாசுக்குத் திரி வைத்த விரல்கள் அவளுடையவை. பொறி பறந்துவிடக் கூடாது என்று பட்டாசு ஆலையில் பழகிய பழக்கத்தில், மதுரைக்கு எம்.ஃபில். படிக்கப் போன பிறகும் பருத்திச் சேலைதான் கட்டுவாள். கொலுசு போடமாட்டாள். துண்டில் சுற்றிய டேப் ரிக்கார்டரைப் பிள்ளையைப் போல இடுப்போடு அணைத்துக்கொண்டு, வெடி விபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போவாள். பட்டாசுத் தொழிலாளர்கள் விபத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதே அவள் ஆய்வு.

எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். “வெடிச்சிருச்சு.” “நேரம் சரியில்ல.” “கை பட்டுருச்சு.” யார் கை, யார் சொல்லி என்பது யார் வாயிலும் வரவில்லை. செய்தவர் இல்லாத வாக்கியங்கள். எழுவாயை மறைப்பது இந்த வட்டாரப் பேச்சின் இயல்பு என்று அவள் எழுதிக் காட்டியபோது, நெறியாளருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “இதையே மையமாக வைத்துக்கொள்ளம்மா” என்றார்.

அவளோடு படித்த ஆர்த்தி, சிவகாசியில் அச்சகம் நடத்தும் வீட்டுப் பெண். ஒப்பாரிப் பாட்டுச் சேகரிக்க அச்சங்குளம் போய்வந்தவள், ஒரு மதியம் துறை அறையில் தன் ஒலிநாடாவை ஓடவிட்டாள். குரலைக் கேட்டதும் வேல்விழிக்குத் தெரிந்துவிட்டது. பாலம்மாள். கணவன் சங்கையாவை விபத்தில் இழந்தவள். வேல்விழியிடம், “வெடிச்சிருச்சு தாயி, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்து போனவள். ஒப்பாரி முடிந்து, ஆர்த்தியிடம் அதே பாலம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“வெயில் ஏறிருச்சு, மருந்து கலக்க வேணாம், நாளைக்குப் பாப்போம்னாரு எங்க வீட்டுக்காரரு. ஊர்க்காவலன்தான் கேக்கல. லோடு போகணும், இன்னைக்கே முடிங்கலேன்னு நிக்க வச்சான். அவன்தான் கொன்னான்.”

வேல்விழி நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள்.

“யாருடி அது? ஃபோர்மேனா?” என்றாள் ஆர்த்தி.

“ஆமா.”

ஊர்க்காவலன் அவளுடைய அப்பா. அந்த விபத்துக்குப் பிறகு கம்பெனிப் பக்கமே போகாமல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டாளி செத்த துக்கம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தான் சந்தித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்துப் பார்த்தாள். எழுவாயை மறைத்தது வட்டார வழக்கல்ல. எதிரே உட்கார்ந்து கேட்டவள் இன்னார் மகள் என்பதுதான்.

மறுநாள் டேப் இல்லாமல் அச்சங்குளம் போனாள். “ஆர்த்திகிட்டச் சொன்னத எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?”

பாலம்மாள் அவளுக்குப் பாயை விரித்துப் போட்டாள். “உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உங்கப்பா பேரை எப்படித் தாயி சொல்ல? ராத்திரி உனக்குச் சோறு எறங்கணும்ல.”

“உங்க பேர் வெளிய வராது. நீங்க சொன்னத நான் எழுதலாமா?”

“நெசந்தான. எழுது.”

ஆர்த்தியிடம் கேட்டு ஒலிநாடாவை ஊருக்குக் கொண்டுபோனாள். ஆடுகளை அடைத்துவிட்டு வந்த அப்பாவின் முன்னால் ரிக்கார்டரை வைத்தாள். முழுவதையும் கேட்டார்.

“அவ சொல்லுதது சரிதான். மொதலாளி மேல பழியப் போட்டுத் தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன். ஆனா அங்கன நின்னு சொன்னது நாந்தான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பேரோடயா எழுதப் போற?”

“மாத்தியும் எழுதலாம்பா.”

“மாத்தாத.”

பழைய இயலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பேச்சில் யார் மறைகிறார், யார் வெளிப்படுகிறார் என்பது அதன் பொருள். நெறியாளர் முதலில் முகம் சுளித்தார். பிறகு படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கண்டிப்பானவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கேட்டார்: “எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறீர்கள். ஒரு பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. முறை தெரியாமல் விட்டதா? யார் இந்த ஊர்க்காவலன்?”

வேல்விழி எழுந்து மேசையருகே போனாள். அவர் முன்னால் விரிந்திருந்த ஆய்வேட்டை மூடி, அட்டையில் அச்சிட்டிருந்த தன் பெயருக்கு முன்னால் நின்ற ‘ஊ.’ என்ற எழுத்தின் கீழ் விரலை வைத்தாள்.