நான் நிறுத்திய மன்றாட்டு

நம்பிக்கையுள்ள உறவுகளுக்கு, ராயபுரத்திலிருந்து ஒரு கிழவன் எழுதுவது.

போன ஆண்டு ஜூலை மாதம் எங்கள் நாய் லில்லியின் மார்பில் இருந்த கட்டி உடைந்தது. உடைந்த நாளிலிருந்து என் மனைவி பிலோமினா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள். மாத்திரை எடுத்துத் தருவாள். பேச மாட்டாள். அவள் மேல் தப்பில்லை. அந்தக் கட்டி பட்டாணி அளவில் இருந்தபோதே, குளிப்பாட்டும்போது தடவிப் பார்த்து என்னிடம் சொன்னாள். கொழுப்புக் கட்டியாக இருக்கும், விடு என்றேன். எட்டு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே அறிக்கையிட வந்திருக்கிறேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருச் செபக் குழுவான அன்பியத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் நான்தான் தலைவர். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். வாசகம், செபமாலை, கடைசியில் மன்றாட்டு. அவரவர் வாய்விட்டுத் தம் தேவையைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பதிலுக்கு முதலில் நான் குரல் எடுப்பேன், அதன் பிறகுதான் மற்றவர்கள். யாரும் வைத்த சட்டமில்லை. அப்படியே ஆகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

லில்லியின் கட்டி உடைந்ததற்கு முந்தைய ஆண்டு, தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டெல்லா வீட்டில் கூடினோம். ஸ்டெல்லா கணவரை இழந்தவர். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பவர். பிள்ளைகள் இல்லை. மணி என்று ஒரு நாய் இருந்தது. அன்று ஒரு பெண் மகளுடைய கல்யாணத்துக்காக மன்றாடினாள். ஆட்டோ ஓட்டும் சேவியர் தன் ஆட்டோவுக்கு எஃப்.சி. தகுதிச் சான்று கிடைக்க வேண்டும் என்று மன்றாடினார். இரண்டுக்கும் நான் உரக்கக் குரல் கொடுத்தேன். பிறகு ஸ்டெல்லா கைகளைக் குவித்துக்கொண்டு சொன்னார்.

"எங்க மணிக்கு வாயாண்ட புத்துநோயாம். சோறு எறங்க மாட்டேங்குது. அதுக்கோசரம் எல்லாரும் வேண்டிக்கணும்."

நான் கையை உயர்த்தினேன். நாய்க்கெல்லாம் மன்றாட்டு கிடையாதம்மா, அடுத்தவர் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோவுக்காக இரண்டு நிமிடம் முன்பு மன்றாடிய சேவியரும் சிரித்தார். ஸ்டெல்லா உள்ளே போய் டீ கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நானும் குடித்தேன்.

ஈஸ்டருக்கு முன்பே மணி செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். விசாரிக்கப் போகவில்லை. ஸ்டெல்லா அதற்குப் பிறகு அன்பியத்துக்கு வரவில்லை. வர நாட்டமில்லாதவர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்துப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தேன்.

அதே ஆண்டு நவம்பரில் பிலோமினா லில்லியின் கட்டியைப் பற்றிச் சொன்னாள். இளைய மகன் துபாய்க்குப் போன வருடம், எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றிருந்த கண்டெய்னர் லாரிக்கு அடியிலிருந்து அவள் எடுத்து வந்த குட்டி அது. பதினோரு வருடம் எங்களோடு இருந்தது. அன்பியத்தில் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வோமா, மருத்துவமனைக்குப் போவோமா என்று கேட்டாள். என் உடம்பெல்லாம் கூசியது. ஸ்டெல்லாவின் வீட்டில் அப்படிப் பேசிய நான், அதே கூட்டத்தில் எங்கள் நாய்க்குக் கட்டி என்று எப்படிச் சொல்வேன்? சிரிப்பார்கள். அதனால் கட்டியே இல்லை என்று ஆக்கிவிட்டேன். வெளியே மூச்சு விடாதே என்று அவளுக்குக் கட்டளையும் போட்டேன். மருத்துவமனைக்குப் போனால் ஆட்டோவில் போக வேண்டும், தெருவே பார்க்கும். சிரிப்புக்குப் பயந்து ஒரு உயிரை அழுகவிட்டவன் நான். இதை எந்தச் சொல்லால் மெழுகினாலும் அது அதுதான்.

உடைந்த பிறகு கொண்டுபோனோம். இரண்டு ஆட்டோக்காரர்கள் வாடையைக் காட்டி மறுத்தார்கள். சேவியரும் சீட்டு நாறிவிடும் என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்துக்கொண்டு போனோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் பரவிவிட்டது, சின்னதாக இருந்தபோதே வெட்டி எடுத்திருக்கலாம் என்றார். பிலோமினா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வலிக்கு மருந்தும் புண்ணுக்குக் களிம்பும் கொடுத்து அனுப்பினார்கள். எங்களுக்குக் கட்டுப் போடத் தெரியவில்லை. லில்லி நெருங்க விடவில்லை. புண்ணில் புழு வைத்துவிட்டது. வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டோம். பிலோமினா ராவும் பகலும் அதன் பக்கத்தில் தரையிலேயே கிடந்தாள். சர்க்கரை நோயாளி. சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் முடிந்து எல்லோரும் போன பிறகு கோயிலில் உட்கார்ந்திருந்தேன். லில்லியைக் குணமாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை. அந்த வாயால்தான் இன்னொருத்தியின் வேண்டுதலை நிறுத்தினேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் வேண்டாம். பிலோமினாவால் தனியாக முடியவில்லை. யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் சொன்னேன். யாரை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிச்சயம் வந்தவரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வாசலில் ஸ்டெல்லா நின்றார். தலையில் மீன் கூடை. வேண்டாம் என்று கையசைத்தேன்.

"மீன் விக்க வரல சார். ரெண்டு நாளா உங்க வூட்டாண்ட வாடை அடிக்குது. இது எனக்குத் தெரிஞ்ச வாடை. நாயி எங்க கீது?"

சாம்பிராணியையும் மீன் கூடையையும் தாண்டி அவருக்கு மட்டும் அது எட்டியிருக்கிறது. நான் விலகி வழிவிட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். பிலோமினா அவரைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள். எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் மனிதச் சத்தம் அது.

ஸ்டெல்லா வெந்நீர் போடச் சொன்னார். பழைய பருத்திப் புடவையைக் கிழித்தார். ஒவ்வொரு புழுவாக எடுத்தார். களிம்பு தடவி, துணி வைத்து, என் பனியன் ஒன்றைக் கேட்டு வாங்கி லில்லிக்கு மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டார். இப்படிப் போட்டால் நக்காது, ஈயும் உட்காராது என்றார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிலோமினா கேட்டாள். "யாரு சொல்வா? நானே பண்ணிப் பண்ணிக் கத்துக்கினேன்கா" என்றார்.

பதினெட்டு நாள், வியாபாரம் முடிந்து தினமும் வந்தார். மீன் வேகவைத்த தண்ணீரில் கஞ்சி கரைத்து, ஊசி போடும் குழாயால் லில்லியின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லிக் கொடுத்தார். லில்லி குடித்தது. அதைப் பார்த்துப் பிலோமினாவும் சாப்பிட்டாள். அவர்கள் இருவரும் லில்லியைப் பற்றியும் மணியைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். சில சமயம் சிரிப்பும் கேட்கும். நான் அடுத்த அறையில் இருப்பேன்.

ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போய், அன்று உங்கள் வீட்டில் நான் பேசியது தப்பு என்றேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இப்ப இன்னாத்துக்கு சார் அது? காலைப் புடிங்க, ஒதைக்குது."

பிடித்தேன். கட்டுப் போட்டு முடித்த பிறகு அவரே சொன்னார்.

"நீங்க சொன்னது கூடப் பரவால்ல சார். மணி போன அன்னிக்கி ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்க எழுந்தா எழுந்துப்பாங்க, நீங்க முட்டி போட்டா போடுவாங்க. நீங்க சிரிச்சீங்க, அவங்களும் சிரிச்சிட்டுப் பூட்டாங்க."

அழுக்குத் தண்ணீரை எடுத்துப் போய்க் கொட்டினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் லில்லி மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலை பிலோமினாவின் மடியில். ஸ்டெல்லா அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியிலேயே நின்றேன். எனக்கு அங்கே இடமில்லை என்று நினைத்தேன். அப்போது பிலோமினா நிமிர்ந்தாள். "உள்ள வாங்க. வந்து அதுகிட்ட உட்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்து முன்னங்காலைப் பிடித்துக்கொண்டேன். கால்மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

கடலோரத்தில் கொட்டியிருக்கும் கற்களுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் இருக்கிறது. ஸ்டெல்லா அங்கே கூட்டிப்போனார். நான் மண்வெட்டியை ஓங்கியதும் தடுத்தார்.

"அங்க வேணாம் சார். அங்க மணி கீது. கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க."

மணிக்கு யார் தோண்டியது என்று கேட்டேன். நான்தான் என்றார். மேலாகத்தான் மணல், அடியில் இறுகிப்போன மண். இரண்டடி தோண்டுவதற்குள் எனக்கு மூன்று முறை மூச்சு முட்டியது. இதைத் தன் நாயைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாகத் தோண்டியிருக்கிறார். மணலில் உட்கார்ந்து அழுதேன். லில்லிக்காக மட்டும் அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அன்பியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைவர் பொறுப்பை விட்டேன். சிலர் தலை குனிந்தார்கள். ஒருவர், வயதாகிவிட்டதால் நான் ஏதேதோ பேசுவதாகச் சொன்னார். ஸ்டெல்லா என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசை. எழுதினால் பொய். அன்பியத்துக்கு அவர் இன்றுவரை வரவில்லை. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்கிறார். அவ்வளவுதான்.

ஆனாலும் ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார் என்றே சாட்சி சொல்கிறேன். நாயைத் திருப்பித் தரவில்லை. நான் அழுகவிட்ட எட்டு மாதத்தையும் திருப்பித் தரவில்லை. யாரையாவது அனுப்பும் என்றேன், அனுப்பினார். என் முகத்தில் விழிக்க எந்தக் கட்டாயமும் இல்லாத ஒருவரை அனுப்பினார். பிலோமினா இப்போது என்னோடு பேசுகிறாள். அதற்குத் தினமும் நன்றி சொல்கிறேன்.

உறவுகளே, எந்தத் துன்பம் ஆண்டவரிடம் கொண்டுபோகத் தக்கது என்று தீர்ப்பிட நம் யாருக்கும் அதிகாரமில்லை. உங்கள் வீட்டில் எது நோயுற்றிருந்தாலும் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொன்னால் உடனே பதில் குரல் கொடுங்கள். யாராவது முதலில் தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம்பிக் கேளுங்கள். உதவி வரும். அது எந்த முகத்தோடு வந்தாலும் கதவைத் திறங்கள்.

போன மாதம் ஸ்டெல்லா போன் செய்தார். காலடிப்பேட்டையில் ஒரு வீட்டில் நாய்க்குப் புண்ணாம், பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். போனேன். அதன் பிறகு இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டோம். வழியில் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நான் கால்களைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் கழுவுகிறார்.