குளவி கொட்டிய இரண்டு கைகள்

பூனாகலைத் தேயிலை மலையில் குளவி கலைந்த அன்று தவமணிக்கும் அவள் நாத்தனார் புஷ்பகாந்திக்கும் கையில் இரண்டிரண்டு கொட்டு விழுந்தது. மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் புஷ்பகாந்தியின் கை பணிஸ் ரொட்டி போல வீங்கியிருந்தது. கங்காணி அவளைப் பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்க அனுப்பிவிட்டார். தவமணியின் கையில் சின்னத் தடிப்புதான்.

"எனக்கும்தான் கொட்டுச்சு, கங்காணி."

"அதான் கையைப் பாத்தாலே தெரியுதே. கூடையத் தூக்கு, தாயி."

தவமணிக்கு வயிறு எரிந்தது. தன் கையும் வீங்கட்டும் என்று கொட்டின இடத்தைத் தேயிலைக் குச்சியால் கீறிக் கீறி விட்டாள். மூன்றாம் நாள் கை சிவந்து, சூடேறி, சீழ் பிடித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் ஐயா கட்டுப் போட்டபடி சொன்னார்:

"குளவி விஷம் பட்டதும் தோலுக்கடியில காவலிருக்கிற செல்கள் ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனத்த விடும். இரத்தக் குழாய் விரிஞ்சு நீர் கசிஞ்சு வீங்கும். உன் நாத்தனாருக்கு அது கூடுதலா நடந்திருக்கு, தானா வடிஞ்சிரும். உனக்குக் கீறல் வழியா கிருமி போயிருக்கு. அத அடிக்க ஓடிவந்து செத்த வெள்ளை அணுதான் இந்தச் சீழ். ஒரு கிழமைக்குக் கொழுந்து கிள்ளாத."

தவமணி லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது புஷ்பகாந்தி மலையில் இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வாரக் கூலி போச்சு, வீங்கினதும் அவள் கை, ஆறினதும் அவள் கைதான் என்று தவமணி பல்லைக் கடித்தாள்.