பிரேக் நாளில் ஷீபா எங்கே போனாள்?

1. பத்து மணிக்கு வராதவள்

"ஷீபா வந்துட்டாளா?"

"நீங்க கேட்டுக்கினே இருந்தா மட்டும் வந்துடுவாளா மேடம்? போன் போட்டுப் பாருங்க" என்றாள் டைப்பிஸ்ட் சாந்தி. போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

செங்கல்பட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு தொழில் மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு நான் பொறுப்பாளராக இருந்த காலம். கை கால் போனவர்களோடு உட்கார்ந்து பேசி, என்ன தொழில் ஒத்துவரும் என்று கண்டுபிடித்து, பயிற்சியில் சேர்த்து, வேலையில் நிலைக்கிற வரைக்கும் கூடவே போகிறவர்தான் தொழில் மறுவாழ்வு ஆலோசகர். நாங்கள் சுருக்கமாகக் கவுன்சிலர் என்போம். அதைக் கேட்டுவிட்டுத் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொண்டுவந்தவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு ஆள் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கென்று படித்திருக்க வேண்டும், பதிவு பெற்றிருக்க வேண்டும். விளம்பரம் கொடுத்தால் அது ரெண்டும் இல்லாதவர்கள் வரிசையில் நிற்பார்கள். தகுதியுள்ள ஒருவர் தப்பித் தவறி வந்தால், "பர்மனென்டா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, காண்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒரு ஆர்டர், முடிந்ததும் ஒரு நாள் பிரேக், மறுநாள் புது ஆர்டரில் கையெழுத்து. தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதாம். நல்ல ஏற்பாடு! அந்த ஒரு நாளில்தான் எங்கள் ஆட்கள் பறந்துபோவார்கள். முந்தைய கவுன்சிலர் அப்படித்தான் பெங்களூருக்குப் போனார். அந்த நாற்காலி ஒரு வருஷம் காலியாகக் கிடந்தது.

ஷீபா திருப்போரூர்ப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டுப் படிக்கவைத்தார்கள். இன்டர்வியூவில் "இங்க ஏம்மா வர்ற?" என்று நான்தான் கேட்டேன்.

"எங்க அண்ணனுக்கு ஒரு கால் சூம்பிப்போச்சு மேடம். ஆளாளுக்கு அனுதாபப்பட்டாங்க. உனக்கு இன்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இப்போது பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவளுக்கு நிரந்தர வேலையே கொடுத்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நேற்று அவளுக்குப் பிரேக். இன்று பத்து மணிக்கு எங்கள் புது ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டும். மணி பதினொன்று தாண்டிவிட்டது.

2. ஏழுமலையின் பங்கு

பதினொன்றரைக்கு வந்தாள். சுடிதார் ஓரமெல்லாம் ஈர மணல்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? போனை எடுக்கறதுக்கு என்ன கேடு?"

"சார்ஜ் போய்டுச்சு மேடம்" என்றவள், நாற்காலியில் உட்காரவில்லை. "நான் கையெழுத்துப் போட வரல. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சாந்தி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எங்க இருந்து வர்ற? அதச் சொல்லு."

"குப்பத்துல இருந்து மேடம். நேத்தும் அங்கதான் இருந்தேன்."

குப்பம் என்றால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு. அங்கே ஏழுமலை என்று ஒருவர். ஈ.சி.ஆர் சாலையில் பைக்கில் போனபோது லாரி மோதி முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்த்துக் கொடுத்தோம். மனுஷன் மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்றும் சொல்லவில்லை. 'ஒத்துழைப்பு இல்லை' என்று அவர் கேஸை மூடச் சொல்லி மாவட்ட அலுவலர் நெருக்கிக்கொண்டிருந்தார்.

ஷீபா அங்கே போகாமலில்லை. ஆனால் பத்து மணிக்கு ஆபீஸ் வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்துவிட்டு பஸ் பிடித்துப் போவதற்குள் குப்பமே சாப்பிட்டுப் படுத்திருக்கும். விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போனவர்களுக்கு அது தூங்குகிற நேரம். படகு, அவர்கள் பேச்சில் போட்டு, கரையேறுகிற காலை நேரத்தில் நேராகக் கரைக்குப் போகிறேன் என்று அனுமதி கேட்டாள். அலுவலர் தரவில்லை. கேட்காமல் போனபோது அரை நாள் லீவு போட்டார்கள்.

"நேத்துதான் என்னை யாரும் கேக்க முடியாதே மேடம். விடியக் காலையிலயே போய்ட்டேன். போட்டு வந்துச்சு. ஒரு இன்ஜின் மக்கர் பண்ணுது. ஏழுமலை அண்ணன் ஐஸ் பெட்டி மேல உக்காந்துகினு அதப் பிரிச்சு மேஞ்சுகினு இருக்காரு. இதையே தொழிலாப் பண்ணலாமேண்ணான்னு கேட்டேன். அப்பத்தான் வாயைத் தொறந்தாரு."

ஏழுமலை சொன்னதை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள்: "நான் கடலுக்கே போறதில்ல. ஆனா எங்க போட்டு செட்டு ஆளுங்க எனக்கு மீன்ல அரைப்பங்கு எடுத்து வெச்சுகினு கீறாங்க. சோறு போடறவன்கிட்டயே கூலி கேக்கச் சொல்றியா? வெளிவேலைக்குப் போனா அந்தப் பங்கும் நின்னுடும், நானும் இந்தக் கரைக்கு ஆகாதவனாயிடுவேன்மா."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்தது இதைத்தான்.

"அப்புறம்?"

"மீனைப் பங்கு பிரிக்கற நேரம் மேடம். செட்டு மொத்தமும் அங்கேயே நிக்குது. எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். அந்த அரைப்பங்கு தருமமா, இல்ல இன்ஜின் வேலைக்குக் கூலியான்னு. பெரியவர் ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு. 'தருமம்னு எவன் சொன்னது? அவன் இல்லாட்டி எங்க இன்ஜினு எது ஓடும்? மத்த போட்டுக்காரனும் இன்ஜின் தூக்கினு வரட்டும், காசு குடுக்கட்டும், யாரு வேணான்னா?'ன்னாரு. இன்னிக்குக் காலையில வேற போட்டு இன்ஜின் ரெண்டு வந்துடுச்சு. அண்ணன் கட்டைக்கால மாட்டிகினு உக்காந்திருந்தாரு மேடம்! சாக்குல சுத்திப் பரண்மேல போட்டிருந்த கால்!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு பண்ணிட்டு ஏன்டி போறேங்கற?"

"பதினோரு மாசமா வேலையில இருந்தேன், ஒண்ணும் பண்ண முடியல. வேலையில இல்லாத ஒரு நாள்லதான் மேடம் என் வேலையைப் பார்த்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

3. முகாம்

அவளையும் இழுத்துக்கொண்டு மாவட்ட அலுவலரிடம் போனேன். அவர் கெட்டவரில்லை. ரூல் என்றால் பயம், அவ்வளவுதான்.

"ஆபீஸ்ல விரல் வைக்காம ஃபீல்டுக்குப் போறதுக்கு ரூல்ல இடமில்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"ஆள் நிக்கறதுக்கும் ரூல்ல இடமில்ல சார். போன தடவை ஒரு வருஷம் நாற்காலிதான் கவுன்சிலிங் பண்ணிச்சு."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். "சார், முகாம் போட்டா என்ன நேரத்துக்கு வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்ல? முகாமுக்கு நேராப் போலாம்ல?"

முகாம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் துறையில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதையே தனி. "பேனர் கட்டணும்" என்றார்.

"கட்டிடலாம் சார்."

வாரம் ரெண்டு நாள், போட்டு கரையேறும் நேரத்தில், கடற்கரை முகாம். அலுவலர் சரி என்றதும் ஷீபா அங்கேயே புது ஆர்டரில் கையெழுத்துப் போட்டாள்.

ஷீபா வெளியே வராந்தாவில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். சாந்தியின் சார்ஜரைச் சொருகிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, "மன்னிச்சுக்கங்க சார், வரல" என்றாள். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அன்று அணுபுரத்தில் இருந்த என் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பேசாமல் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகும் அவளுக்கு அதே காண்ட்ராக்ட்தான், அதே பிரேக்தான். அதை என்னால் மாற்ற முடியவில்லை. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஷீபா எங்கேயும் போகவில்லை. எத்தனை நல்ல காலைகள் அவை! பேனர் காற்றில் படபடக்க, மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவில் அவள் யாரிடமாவது குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்காகவே அவளோடு கரைக்குப் போவேன்.

என் இடத்துக்கு வந்திருக்கிற இளம் அதிகாரிகள் இன்றைக்கும் போன் செய்கிறார்கள். "மேடம், கவுன்சிலர் யாருமே நிக்க மாட்டேங்கறாங்க, சம்பளம் கம்மின்னு போயிடறாங்க." சம்பளத்தை ஏற்றச் சொல்லிக் கண்டிப்பாக எழுதுங்கள் என்பேன், நானும் ஓயாமல் எழுதினேன். ஆனால் அதற்கு முன்னால் அவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்.

"அந்தப் பொண்ணை வேலை பார்க்க விடறீங்களா?"