பத்து வோல்ட்டும் நாலாயிரம் வோல்ட்டும்

பாலவனத்தத்தில் மதுரை பஸ் ஏறும்போதெல்லாம் ஜெப ஷீலாவுக்குக் கை சில்லிட்டுப்போகும். அது 1989. அவளுக்கு ஆறாம் மாதம். முந்தின வருடம் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது.

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நீண்ட குழாயில் வாயுவை அடைத்து மில்லிமீட்டர் அலையைச் செலுத்தினால், எந்த அதிர்வெண்ணை மூலக்கூறு விழுங்குகிறது என்று தெரியும். அந்த அலையை உண்டாக்க எந்தக் கருவி நல்லது என்று ஒப்பிடுவது அவள் வேலை. கன் டையோடு என்ற சிறு சில்லு விரல்நுனி அளவுதான், பத்து வோல்ட் போதும். ஆனால் அதிர்வெண்ணைப் பெருக்கப் பெருக்க அலை மெலிந்துவிடும். கிளைஸ்ட்ரான் என்ற குழலுக்குப் பலம் உண்டு, ஆனால் எட்டும் அதிர்வெண் வீச்சு குறுகல். பி.டபிள்யூ.ஓ. என்ற வெற்றிடக் குழல் மில்லிமீட்டருக்கும் குறைவான அலை வரை தாராளமாக ஓடும். அதற்கு நாலாயிரம் வோல்ட் வேண்டும்.

"கதிருங்கிறாக. ரஷ்யாவுல அணு உலை வெடிச்சு வந்ததும் அதுதானாமே," என்றாள் மாமியார் ஞானப்பூ. "இந்தப் பிள்ளையும் போயிட்டா என்ன செய்வே, தாயி?"

"அது வேற, அத்தை. இது டார்ச் லைட்டைவிடக் கம்மி. உடம்பை ஒண்ணும் செய்யாது."

"பிறகு ஏன் கை நடுங்குது?"

அலையை ஷீலா அறிவாள். அந்த நாலாயிரம் வோல்ட்தான் அவளை உலுக்கியது.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. உடன் ஆய்வு செய்யும் ஜெயபாண்டி, குழலின் மின்பெட்டியைத் திறந்து ஃபியூஸை எடுக்கக் குனிந்தான்.

"கையை வைக்காதீங்க, ஜெயபாண்டி."

"கரண்டுதான் இல்லையே."

"உள்ள தேங்கிக் கிடக்கும். விலகுங்க."

மரப்பிடி போட்ட எர்த் கம்பியை எடுத்து மின்தேக்கியில் வைத்தாள். படாரென்று நீலப்பொறி பறந்தது. ஜெயபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷீலா வயிற்றைத் தொட்டாள். அசைவில்லை. பஸ்ஸில் விருதுநகர் தாண்டியும் அசைவில்லை. வீட்டில் ஞானப்பூ கொடுத்த வெந்நீரைக் குடித்த பிறகுதான் உள்ளே மெல்ல ஓர் உதை விழுந்தது. அப்போதுதான் அழுதாள்.

கன் டையோடே போதும் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆய்வு வழிகாட்டியும் தடுத்திருக்கமாட்டார். ஆனால் உயர் அதிர்வெண்ணில் மூலக்கூறு அலையை விழுங்குவதைக் காட்டும், அவள் தேடிய கோடுகள் டையோடில் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடந்தன. அப்படி எழுதினால் அது பயத்தால் எழுதிய முடிவாகிவிடும்.

"நான் போறேன், அத்தை," என்றாள்.

ஞானப்பூ சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "நானும் வாரேன்."

அளவீடு முடியும் மட்டும் ஆய்வுக்கூட வாசல் பெஞ்சில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஞானப்பூ ஜெபித்தாள். உள்ளே சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் ஷீலா எர்த் கம்பியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். குறைந்த அதிர்வெண்ணுக்கு டையோடு, மேலே போனால் குழல்தான் என்று உள்ளபடி எழுதினாள்.

பியூலா நல்லபடியாகப் பிறந்தாள். பட்டமும் வந்தது. பிறகு வேறோர் ஊரில் வேலை கிடைத்தபோது, உயர்மின்னழுத்தம் இல்லாத பிரிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள் ஷீலா.