சிவப்பா வெள்ளையா

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை. மீட்டரில் முள் கொஞ்சம் நகர்ந்தாலே வால்வை மூட ஓடுகிற ஆள். அக்காவின் மார்பில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்யுங்கள் என்று கடலூர் டாக்டர் சொன்னபோது மட்டும், அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். படித்த முட்டாளுக்கு மருந்தே கிடையாது.

வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டார் மாமா.

கேள்விப்பட்டதும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே மனிதர் பைக் வாங்கப் பூக்கட்டியபோதும் சிவப்புதான் வந்தது. பொட்டலம் சரியாக மடிக்கவில்லை என்று மறுபடி கேட்டார். மறுபடியும் சிவப்பு. குளிக்காத கை எதுவோ பட்டுவிட்டது என்றார். வெள்ளை வரும்வரை அம்மனை விடவில்லை. ஆசைப்பட்டதற்கு அவள் எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் சொல்ல வேண்டும். பயந்ததற்கு ஒரு தடவை போதும். ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு திரிந்தார்.

நான் போய்ப் பைக் கதையை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. “சரி மச்சான், இன்னொரு தபா கேட்டுப் பாப்போம்” என்றார். இந்தத் தடவை பொட்டலத்தைத் தானே மடிப்பதாக அக்கா சொன்னாள். வெள்ளை வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று மாமா ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக்கூட விடாமல் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் கிடந்த அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவைத்தான் மடித்தேன் என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் ஆத்தாவாவது ஒன்றாவது என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அவுரு பேச்ச மீறி நான் ஒரு பொடவ எடுத்ததில்ல தம்பி. அன்னைக்கு ஆத்தா காலடியிலயே பொய்ய வச்சேன். அந்தத் தெகிரியம் என்னுதுன்னா நெனைக்கிற? அவ குடுத்தது.”

அது அவளுடைய தைரியம்தான். மாமாவை ஒரு பைக் கதையில் மடக்கிய என்னால், இதை மட்டும் அவளை இன்றுவரை நம்பவைக்க முடியவில்லை.