ரெங்கராஜ் போட்ட தரை

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ரெங்கராஜுக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டினார், கதவுகளை இழைத்தார், கடைசியில் சமையலறைக்குள் வந்தார். நண்பர் ஒருவரின் புது வீட்டில் கறுப்பும் பச்சையுமாக ஸ்லேட் கல் பதித்திருந்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

"இருக்கிற தரைக்கு என்னங்க குறை?" என்றாள் மனைவி வேணி.

சிவப்பு சிமென்ட் தரை. அவள் துடைத்துத் துடைத்தே கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். காந்தி மார்க்கெட்டுக்கு அவள் காய் வாங்கப் போன ஒரு காலையில் ரெங்கராஜ் அதை உடைத்துவிட்டார். கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து மகள் இளவேனில் போனில் சொன்னாள்.

"ரயிலையே கழட்டி மாட்டுனவன்மா நான். கல்லு பதிக்கத் தெரியாதா?"

வந்து இறங்கிய கல் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று விரல் கனம், அடுத்தது அதில் பாதி. வேணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"கனமானதைப் பிரிச்சு முதல்ல வச்சிட்டு, மத்ததுக்கு அடியில கலவை கூடப் போட்டா மட்டமா வருமேங்க?"

"நீ குழம்பைப் பாரு."

கைக்கு வந்த கல்லை வந்த வரிசையில் பதித்தார். அடுப்புக்கு முன்னால் ஒரு கல் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. நிறம் என்னவோ அழகுதான். எதிர்வீட்டு நசுருதீன் பாய் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

"அடுப்புகிட்ட கால் தடுக்குதுங்க" என்று வேணி மறுநாளே சொன்னாள். பிறகும் பல தடவை சொன்னாள். பழகிவிடும் என்றார்.

ஐப்பசியில் ஒருநாள், கஞ்சி வடிக்கச் சோற்றுப்பானையோடு திரும்பியவள் அந்த விளிம்பில் தடுக்கி விழுந்தாள். இடது கால் முழுக்கக் கொதிகஞ்சி. அலறல் கேட்டு ஓடிவந்த ரெங்கராஜின் வாயில் முதலில் வந்தது, "பாத்து நடக்க மாட்டியா?" என்பதுதான்.

வேணியின் அலறல் நின்றுபோயிற்று. அவரை ஒருமுறை பார்த்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரெங்கராஜ் அந்தக் கல்லைப் பெயர்த்தார். பிறகு எல்லாக் கல்லையும் பெயர்த்தார். கனம் பார்த்துப் பிரித்து, அவள் சொன்னபடியே பதித்தார். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார்.

"தரை மட்டமாயிடுச்சு வேணி. நீ சொன்ன மாதிரியே போட்டுட்டேன். வா, போவோம்."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தழும்பு தெரியாமல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லதுங்க. நீங்க நடங்க அதுல."

"இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் போயிடுச்சு. அங்க வரணும்னு தோணலை, அவ்வளவுதான்."

மறுவாரம் இளவேனில் வந்து அம்மாவின் புடவைகளையும் கிரைண்டரையும் எடுத்துக்கொண்டாள். ரெங்கராஜே கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.

இப்போது அவருக்கு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது. கேட்கிறவர்களிடம், மகளுக்கு உடம்பு சரியில்லை, அதனால் வேணி அங்கே இருக்கிறாள் என்கிறார். அந்த மகள் நல்லபடியாக நடமாடுவதை மார்க்கெட்டில் பார்த்தவர்கள்கூடத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.