ராசாங்கம் கொடுத்த ஆறு கிளாஸ்

பிரியா, கார்த்தி, உங்கள் ரெண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். நேற்று கார்த்தியின் போனில் ஒரு ரம்மி விளம்பரம் வந்தது. முதல் ஆட்டத்துக்கு அவர்களே பணம் போடுவார்களாம். "சும்மாதானப்பா தாரான், நமக்கு என்ன போச்சு?" என்று கார்த்தி கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனாலும் வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

1. கேன்டீனில் சேர்ந்தது

செல்லூரில் நான் வேலை பார்த்த பவர்லூம் பட்டறையை மூடிய பிறகு, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்தில் டீ போடும் வேலை கிடைத்தது. பெயர்தான் மன்றம். உள்ளே நடந்தது காசு வைத்துச் சீட்டாட்டம். முதல் நாளே மேனேஜர் சொன்னார்: "டீயக் குடு, காச வாங்கு. எவன் ஜெயிச்சான், எவன் தோத்தான்னு பாத்துக்கிட்டு நிக்காத."

நான் அப்படித்தான் இருந்தேன். கழுவ ஆள் இல்லாததால் எல்லோருக்கும் பேப்பர் கப்பில்தான் டீ.

ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் சேரில் ராசாங்கம் உட்கார்ந்திருப்பார். சீட்டைத் தொட மாட்டார். டீயும் குடிக்க மாட்டார், வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீர்தான். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கும். அதில் சோறு இருந்து நான் பார்த்ததில்லை. தோற்றவர்களுக்கு அங்கேயே கந்துவட்டிக்குப் பணம் கொடுப்பார். அடமானமாக வாங்கின வண்டிச் சாவிகள்தான் அந்த பாக்ஸுக்குள் கிடந்தன. அவர் எழுந்து நடந்தால் சாவிச் சத்தம் கேட்கும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "என்னப்பா, பெரிய மனுசங்களுக்கும் பேப்பர் கப்புதானா?"

"கழுவ ஆளில்லண்ணே."

மறுநாள் பேப்பரில் சுற்றி ஆறு கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்தார். "நான் ஆளக் காட்டுவேன். அவருக்கு மட்டும் இதுல குடு. என் கணக்கு. வேற எவனுக்கும் இதுல குடுக்கக் கூடாது, புரியுதா?"

ஒவ்வொரு கிளாஸுக்கும் எனக்குத் தனியாக இருபது ரூபாய் தந்தார். பத்து ரூபாய் டீக்கு இருபது ரூபாய் இனாம். எதற்கென்று தெரியாத காசைச் செலவழிக்க மனசு வரவில்லை. காலி டீத்தூள் டப்பாவில் போட்டு வைத்தேன்.

2. கிளாஸ் போன பக்கம்

அலங்காநல்லூர்க்காரர் ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தேன். சாயங்காலம் அவருடைய டிராக்டர் சாவி டிபன் பாக்ஸுக்குள் போனது. அடுத்த வாரம் ஒரு மளிகைக் கடைக்காரர். அவருடைய புல்லட் சாவியும் போனது. நாலைந்து மாசத்தில் இப்படி எத்தனையோ பேர். தோற்றவருக்கு ஆறுதலாக டீ வாங்கிக் கொடுத்தால் சரி. இங்கே டீ முதலில் போனது, தோல்வி பிறகு வந்தது.

அப்புறம்தான் மேனேஜர் பார்க்காதே என்று சொன்னதைப் பார்க்க ஆரம்பித்தேன். நான் கிளாஸை வைத்த கொஞ்ச நேரத்தில், வேறு வேறு மேசையில் இருந்த மூன்று பேர் ஒவ்வொருவராக எழுந்து அந்த மேசைக்கு வருவார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. உட்காரும் முன் எதிராளியின் முகத்தையும் பார்ப்பதில்லை, கிளாஸைத்தான் பார்ப்பார்கள். முதலில் அவரை ஜெயிக்க விடுவார்கள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து உரிப்பார்கள். கடன் கொடுக்க ராசாங்கம் தயாராக இருப்பார்.

யாரை உரிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது என் கையில் இருந்த தட்டுதான்.

3. பாண்டி

நம் தெருவில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற பாண்டியை உங்களுக்குத் தெரியும். அந்த வண்டி ஒன்றுதான் அவன் குடும்பத்துக்குச் சோறு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் நீலச் சட்டையில் உள்ளே வந்தான். ராசாங்கம் என்னைப் பார்த்தார். "அந்தா, நீலச் சட்டை. நல்லா ஸ்ட்ராங்கா போடு."

நான் பேப்பர் கப்பில் கொண்டுபோய் வைத்தேன். என் சந்தேகம் சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் இடத்தை விட்டு அசையவில்லை.

ராசாங்கம் கேன்டீனுக்கே வந்தார். "கிளாஸ் எங்க?"

"கழுவாமக் கெடந்துச்சுண்ணே."

அவர் சத்தம் போடவில்லை. ஒரு கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "சுத்தமாத்தான இருக்கு. உம் மக செல்லூர்லருந்து நடந்துதான பள்ளிக்கூடம் போகுது? பாலத்துக்கிட்ட வண்டியெல்லாம் கண்ணுமண்ணு தெரியாம வருதுப்பா. பாத்துப் போகச் சொல்லு."

பிரியா, அன்று முதல் நான் உன்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது இதற்காகத்தான்.

நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. தொந்தரவு இல்லாமல் ஆடிய பாண்டி அன்று கொஞ்சம் ஜெயித்துவிட்டான். வாசலில் அவனைப் பிடித்தேன்.

"பாண்டி, இனிமே இங்க வராத. அந்த ஆளு சரியில்ல."

"நல்ல ராசிண்ணே இன்னைக்கு. நாளைக்கும் வாரேன், பெருசா வச்சு ஆடப் போறேன். நீங்க டீயப் பாருங்க."

4. ஞாயிற்றுக்கிழமை

காலையில் டீத்தூள் டப்பாவைக் கவிழ்த்தேன். இருந்த காசை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போய், ராசாங்கம் கொடுத்த மாதிரியே கிளாஸ்கள் வாங்கினேன். பாண்டி வந்து உட்கார்ந்தான். வண்டிச் சாவியை மேசை மேலேயே வைத்திருந்தான். ராசாங்கம் அவனைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பாண்டிக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வைத்தேன். பக்கத்தில் இருந்தவருக்கும் வைத்தேன். அடுத்த மேசைக்கு, அதற்கடுத்த மேசைக்கு என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில்தான் கொடுத்தேன்.

மூன்று பேரும் எழுந்தார்கள். ஒருவன் வாசல் பக்க மேசைக்குப் போனான். இன்னொருவன் பாதி வழியில் நின்றான். மூன்றாவது ஆள் கொஞ்சம் அவசரக்காரன். ஜன்னல் பக்கம் திரும்பி வாய்விட்டே கேட்டுவிட்டான்:

"அண்ணே, இதுல நம்ம ஆளு எது?"

கூடத்தில் சீட்டுக் கலைக்கும் சத்தம் நின்றுபோனது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு ராசாங்கத்தை, பிறகு தங்கள் கையில் இருந்த கிளாஸை. மளிகைக் கடைக்காரர் அன்றும் வந்திருந்தார். தன் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "அன்னைக்கு எனக்கும் இதுலதான்டா குடுத்தாய்ங்க" என்றார்.

பாண்டி கிளாஸைப் பார்த்தான். மேசையிலிருந்த சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனான்.

ராசாங்கம் என் பக்கத்தில் வந்து நின்றார். "இம்புட்டு கிளாஸு வாங்க உனக்கு ஏதுடா காசு?"

"நீங்க குடுத்த காசுதாண்ணே."

கூடமே பார்த்துக்கொண்டிருக்க, அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும் வரை சாவிச் சத்தம் கேட்டது. டிராக்டரும் புல்லட்டும் அவரவர்க்குத் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. ராசாங்கம் இப்போது வேறு எங்காவது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். பாண்டி என்னைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்குவான், பிறகு போய்விடுவான்.

கார்த்தி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒருவன் சும்மா தருகிறான் என்றால் அவன் என்ன தருகிறான் என்று பார்க்காதே. நீ அதை வாங்கியதும் யார் யார் எழுந்து உன் பக்கம் வருகிறார்கள் என்று பார். பிரியா, நாளைக்கு நீ வேலைக்குப் போவாய். உன் கையில் கொடுத்து எதையாவது கொண்டுபோகச் சொன்னால், அது எதற்குப் போகிறது என்று ஒரு தடவை கேள்.

அன்று மத்தியானமே மேனேஜர், "நாளையிலருந்து வராத" என்றார். எல்லோரும் போன பிறகு கிளாஸ்களைக் கழுவினேன். ராசாங்கத்தின் ஆறு எது, நான் வாங்கியது எது என்று பிரிக்க முடியவில்லை. ஏதோ ஆறை எடுத்துத் துடைத்து, அவர் கொண்டுவந்த மாதிரியே பேப்பரில் சுற்றி, ஜன்னல் ஓரத்துப் பிளாஸ்டிக் சேரில் வைத்தேன். பிறகு அடுப்பை அணைத்தேன்.